முகம் காட்டாத பகைவன்

1942-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், செக் நாட்டின் லிடிட்சே என்னும் சிற்றூர் அழிக்கப்பட்டது. நாசி ஆளுநர் ஹைட்ரிக் தாக்குண்டு மாண்டதற்குப் பழியாக, அச்செயலில் தொடர்பே இல்லாத அவ்வூர் ஆடவர் 173 பேர் ஹோராக் பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் அண்டையிலுள்ள கிளாட்னோ நகரின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் உழைத்தவர்கள். எழுபது வயதைக் கடந்த பங்குத்தந்தை யோசேப் ஸ்டெம்பெர்காவும் தம் மக்களோடு மாண்டார். பெண்கள் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகளுள் 82 பேர் கொல்லப்பட்டனர். புனித மார்ட்டின் ஆலயம் தகர்க்கப்பட்டது, கல்லறைகள்கூடத் தப்பவில்லை.

இவ்வழிவை நாசிகளே படம்பிடித்தனர். தம் வெற்றியைப் பதிவு செய்வதாக அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அப்படமே பின்னர் நூரம்பர்க் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

அதே கொடுமையைப் பற்றி மறு ஆண்டே இன்னொரு படம் வெளிவந்தது. லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த செக் கவிஞர் விக்டர் ஃபிஷ்ல் எண்ணத்தைத் தந்தார். ஹம்பிரி ஜென்னிங்ஸ் இயக்கினார். ‘த சைலன்ட் வில்லேஜ்’ என்னும் அந்த 36 நிமிடக் குறும்படத்திற்கு அவர் தேர்ந்துகொண்ட களம், தென் வேல்ஸ் நாட்டின் கும்கியெத் என்ற சுரங்கச் சிற்றூர். தொழில்முறை நடிகர் எவருமிலர். ஊராரே ஊராராகத் தோன்றினர். ஜென்னிங்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் இல்லத்தில் தங்கி அவர்களோடு வாழ்ந்தே படத்தை எடுத்தார்.

வருணனைக் குரல் இன்றியே கதை நகர்கிறது. சிற்றாலயத்தில் எழும் பாடல், சுரங்கத்திற்குச் செல்லும் ஆடவர், அடுப்படியில் பெண்கள், பள்ளியில் வேல்ஸ் மொழியில் பாடம் கேட்கும் சிறுவர். அவசரமே இல்லை. ஒரு பங்கில் நெடுநாள் பணிபுரிந்தவர்க்கு இக்காட்சிகள் மிகப் பழகியவையாகவே தோன்றும். பின்னர், கூரைமேல் ஒலிபெருக்கி பொருத்திய கருநிறக் கார் ஒன்று ஊருக்குள் நுழைகிறது. அவ்வளவுதான், ஆக்கிரமிப்பு தொடங்கிவிட்டது. பகைவரின் முகத்தை நாம் காண்பதில்லை. காரின் குரலும் வானொலியின் குரலும் ஆணைகளை அடுக்க, கேமரா கேட்பவர் முகங்களிலேயே தங்கிவிடுகிறது. இனி வேல்ஸ் மொழியில் பாடம் இல்லை என்று ஆசிரியை குழந்தைகளிடம் கூறும் காட்சியைத் தாய்மொழிப் பற்றுடையோர் எவரும் கலங்காமல் பார்க்க இயலாது.

அயலார் துயரை நடித்துக் காட்டுவது முறையா என வினவலாம். லிடிட்சேயின் பிணங்களைப் போலியாகக் காட்டியிருந்தால் அவ்வினா நியாயமாகும். கும்கியெத் மக்களோ, ‘இது நமக்கு நேர்ந்திருந்தால்’ என்று தம் பெயரையும் தம் தெருவையும் தந்தனர். இறுதியில் ஆடவர் சுவரோரம் நிறுத்தப்பட்டு, தம் நாட்டுப் பண்ணைப் பாடியபடியே சுடப்படுகின்றனர். அதன் பின்னர் வரும் தொழிற்சங்கத் தலைவரின் உரை, என் கருத்தில், மிகையே. அவர் சொல்வதை முகங்கள் முன்னரே சொல்லிவிட்டன.

ஆயினும் சுரங்கத் தொழிலாளரின் அந்தப் பரிவு திரையோடு நின்றுவிடவில்லை. மருத்துவர் பார்னெட் ஸ்ட்ராஸ் 1942 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் தொடங்கிய ‘லிடிட்சே வாழும்’ இயக்கத்திற்கு அவர்கள் தம் கூலியிலிருந்து வழங்கினர். 1947-இல் புதிய ஊருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய ஊர் இருந்த புல்வெளியில் ஹோராக் பண்ணையின் அடித்தளமும் ஆலயத்தின் அடித்தளமும் இன்றும் காணக் கிடைக்கின்றன.