கடமையே தவம்: தொரப்பள்ளி தந்த மூதறிஞர்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் எல்லைப்புறத் திருத்தலம் தேன்கனிக்கோட்டை. இங்கு எழுந்தருளியுள்ள பேட்டராய சுவாமியின் திருநாமம் வேட்டையைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு தொடர்புடையது. வேட்டைக்கோலம் பூண்டு அன்பரைக் காத்த பெருமான் என்பது தல மரபு. காட்டில் உழைக்கும் வேடன் கோலத்தையே இறைவன் விரும்பி ஏற்றானெனில், அன்றாடத் தொழிலுக்கும் ஆத்ம ஞானத்துக்கும் பகையில்லை என்பது தெற்றென விளங்கும்.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய சான்றோர் ஒருவர் இவ்வட்டாரத்திலேயே தோன்றினார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரே அவர்.

சேலத்தில் வழக்கறிஞராய்ப் பொருளும் புகழும் ஈட்டிய ராஜாஜி, நடுவயதிலேயே மனைவியாரை இழந்தார். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் ஒருவர் மீதே வீழ்ந்தது. அந்நிலையிலும் அவர் உலகை வெறுத்து ஒதுங்கினாரல்லர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராய்த் தொண்டாற்றினார். பின்னர் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, வருவாய் மிக்க தொழிலையே துறந்தார்.

1921 டிசம்பரில் சிறைப்பட்டு, வேலூர்ச் சிறையில் மூன்று திங்கள் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பே 'சிறையில் தவம்'. சுதந்திரம் வந்த மாத்திரத்தில் மக்களுக்குச் சுகம் வந்துவிடாது. தேர்தல் ஊழலும் செல்வத்தின் கொடுமையும் வாட்டும். நல்லொழுக்கமும் தெய்வ பயமும் அன்பும் இளமை முதலே கல்வியால் வளர்ந்தாலன்றி உய்வில்லை என்பது அதில் அவர் கண்ட முடிவு. நாடு விடுதலை பெறுவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்னரே, விடுதலைக்கும் அப்பாலுள்ளதை அவர் நோக்கினார். நிலையானதைப் பற்றியவர்க்கே இத்தகைய தெளிவு வாய்க்கும்.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதர்ப்பணியும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் மேற்கொண்டார். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 முதல் 1950 வரை, இந்தியர் எவரும் அதற்கு முன் வகித்திராத கவர்னர் ஜெனரல் பதவியை வகித்தார். அத்துணை உயர்பதவி வகித்தும், இராமாயண பாரதங்களை எளிய நடையில் மக்களுக்குத் தந்ததையே தம் தலையாய தொண்டாக அவர் கருதினார். அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1972 டிசம்பர் 25-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கழனியில் ஏர் பிடிப்போரும், ஓசூர்த் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குவோரும், வாணிகம் செய்வோரும் இவ்வழி நிற்றல் கூடும். கலசத்தில் கும்பநீர் பொழியும் நன்னாள் ஒன்றே. ஏனைய நாட்கள் யாவும் கடமைக்குரியன. அக்கடமையைப் பெருமான் திருவடியில் வைத்துச் செய்வோர்க்கு ஒவ்வொரு நாளும் திருநாளே.