கூத்துக்குக் கூரை வந்த கதை

ஐப்பசி அடைமழையில் பட்டணம் பார்க்கப் புறப்படுகிறவனை ஊரார் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கடற்கரைக்குப் போக முடியாது. தெருக்களில் முழங்கால் தண்ணீர். ஆனால் நாடகப் பித்துப் பிடித்தவர்களுக்கு அதுவே நல்ல பருவம் என்பேன். பட்டணத்து நாடகத்தின் கதை பெரும்பாலும் கூரையின் கதைதான். கூரையின் அருமை மழையில் அல்லாமல் வேறு எப்போது தெரியும்?

முதலில் கூரையில்லாத நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூர் 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. திருவண்ணாமலைப் பக்கம் 1989-லேயே பிரிந்து போயிற்று. கூத்து விஷயத்தில் மட்டும் பழைய வட ஆற்காடு இன்றும் ஒரே குடும்பம். செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசை கிராமத்தின் பெயரைக் கேட்டால் கூத்து அபிமானிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் நாள்தோறும் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில் மண்ணால் பிடித்து வைத்த பிரம்மாண்டமான துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான்.

இவ்வளவும் வானத்தின் கீழ். ஆகையால் கூத்துக்காரர்களின் பஞ்சாங்கம் மழையை அனுசரித்தது. மாசி, பங்குனியில் களை கட்டும். ஆடியோடு பெரும்பாலும் அடங்கிவிடும். ஐப்பசி மழையில் துரியோதனனைப் படுக்கவைத்தால் பீமன் வருமுன்பே அவன் கரைந்து போவான் அல்லவா?

இனி ரயில் ஏறலாம். ஜோலார்பேட்டையிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வருகிறவர்களில் பலர் தோல் வியாபாரம் சம்பந்தப்பட்டவர்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சென்ட்ரலில் இறங்கியதும் பெரியமேடுதான் உலகம். மண்டிக்குப் போகிற அவசரத்தில் ஸ்டேஷனை ஒட்டி நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களும் ரிப்பன் மாளிகையைச் சேர்ந்தது போலும் என்று போய்விடுவார்கள். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால்.

1883-இல் விஜயநகரம் மகாராஜா அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். சிஸம் துரை படம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் 1888-லிருந்து 1890-க்குள் கட்டி முடித்தார். மறு வருஷமே, 1891-இல், பம்மல் சம்பந்த முதலியார் என்ற பதினெட்டு வயது இளைஞர் சில நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்த ஹால்தான் பிற்பாடு சபையின் வீடாயிற்று.

இந்த முதலியார் சிறு வயதில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர். 'கூத்தாடி' என்பது வசைச் சொல்லாக இருந்த காலம் அது. படித்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்ற வக்கீல் தம் தெலுங்குக் குழுவுடன் வந்து நாடகம் போட்டதைக் கண்டபோதுதான் அவர் மனம் மாறியது. கௌரவமான மனிதர்கள் மேடை ஏறலாம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. பிறகு அவரும் வக்கீலானார், நீதிபதியும் ஆனார். நாடகத்தை மட்டும் விடவில்லை. தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 'மனோகரா' அவற்றில் ஒன்று. 1959-இல் பத்மபூஷண் பெற்று, 1964-இல் காலமானார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

இதில் ஒரு வேடிக்கை. 1890-களின் கடைசியில் சென்னைக்குச் சலனப்படம் வந்தபோது, அதை முதலில் காட்டிய இடங்களில் இந்த ஹாலும் ஒன்று. எதிராளியை நாடகம் தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாக உட்கார்த்தி வைத்திருக்கிறது! 1930-களில் சபை மவுண்ட் ரோடுக்குப் போயிற்று. ஹால் பல வருஷங்கள் பூட்டிக் கிடந்தது. 2023-இல்தான் மாநகராட்சி பழுது பார்க்கத் தொடங்கியது.

சென்ட்ரலின் மறுபக்கம் வால்டாக்ஸ் ரோடு. கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்காக வரி போட நினைத்தார்கள், வசூலாகவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சாலையில்தான் 'ஒற்றைவாடை' என்ற நாடகக் கொட்டகை இருந்தது. சபைக்காரர்கள் பொழுதுபோக்காக நடித்தார்கள். கொட்டகையில் நடித்த கம்பெனிக்காரர்களுக்கு அதுவே சோறு. கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' காட்சி ஜோடனைக்குப் பேர் போனது. கொட்டகையைத் தேடிப் போனால் இன்று லாரிகளைத்தான் காணலாம். இருந்தாலும் ஒரு நடை போய் வரலாம்.

மழை விடவில்லையென்றால் எழும்பூருக்கு ஓர் ஆட்டோ பிடியுங்கள். மியூசியம் இருப்பது பாந்தியன் ரோடில். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் நடனமும் விருந்தும் நாடகமுமாகப் பொழுது போக்கிய மாளிகையின் பெயர் 'பாந்தியன்'. 1854-இல் மியூசியம் அங்கே குடி வந்தது. 1896-இல் அதே தோட்டத்தில் எழுந்தது மியூசியம் தியேட்டர். ஷேக்ஸ்பியர் நடிக்கவும் பார்க்கவும் விரும்பிய துரைமார்களுக்காகக் கட்டியது. 1955-இல் தோன்றிய மெட்ராஸ் பிளேயர்ஸ் முதலானோர் அங்கே நடித்திருக்கிறார்கள்.

ஷேக்ஸ்பியர் என்றதும் லண்டன் ஞாபகம் வருகிறது. அவருடைய குளோப் அரங்கில் நடு முற்றத்துக்குக் கூரை கிடையாது. அங்கே ஒரு பென்னி கொடுத்து நின்று பார்க்கலாம். பின்னர் அவருடைய கம்பெனி, குளிர் காலத்துக்கு பிளாக்ஃபிரையர்ஸ் என்ற கூரை போட்ட அரங்கையும் பிடித்தது. அங்கே மிகக் குறைந்த கட்டணமே ஆறு பென்னி. கூரைக்கு விலை ஐந்து பென்னி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நம் ஊரிலும் நடந்தது அதுதான். கூரை வந்தால் சுவர் வரும். சுவர் வந்தால் கதவு வரும். கதவு வந்தால் டிக்கெட் கேட்க ஒருவர் வந்து நிற்பார். கூரைக்குள் வந்ததால் நாடகம் கௌரவம் பெற்றது, கால அளவு பெற்றது, அச்சேறிய புத்தகம் பெற்றது. சம்பந்த முதலியாருக்கு நாம் பட்ட கடன் சிறியதல்ல. ஆனால் களரியைச் சுற்றிப் பாயை விரித்துப் படுத்து, பாதித் தூக்கத்தில் திரௌபதியின் அழுகையைக் கேட்டு எழுந்து உட்கார்ந்த உழவனும் தோல் ஷெட் கூலியும் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்காக நடித்தவர்களும் 'கூத்தாடி'களாகவே வெளியில் நின்றார்கள்.

கதவு பிற்பாடு கொஞ்சம் திறந்தது. 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, பட்டணத்து நடிகர்கள் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்துக் கற்றார்கள். படித்த பிள்ளைகள் முகம் திருப்பிக்கொண்ட கலையின் முன்னால் வேறு படித்த பிள்ளைகள் மாணவர்களாக உட்கார இவ்வளவு காலம் ஆயிற்று.

ஆகவே மழைக்காலத்தில் ஒரு நாள் சென்ட்ரலில் இறங்கி இந்தக் கூரைகளை நிதானமாகப் பாருங்கள். உள்ளே விடாவிட்டாலும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பதற்கு டிக்கெட் இல்லை. ஆனால் கணக்கு அத்துடன் தீராது. பங்குனி பிறந்ததும் செய்யாற்றுப் பக்கம் ஒரு ராத்திரி போய்ப் பாயை விரித்து உட்கார வேண்டும். அப்போதுதான் நாடகத்தை முழுசாகப் பார்த்ததாக அர்த்தம்.