முட்டைக்குப் பட்ட சூடு



வெளியே பனி கொட்டினாலும் எங்கள் உடற்சூடு 37 பாகை செல்சியஸை அண்டியே நிற்கும். ஓணானுக்கும் ஆமைக்கும் அப்படியில்லை. சுற்றாடலின் சூட்டோடு அவற்றின் உடற்சூடும் ஏறி இறங்கும். வளர்ச்சியும் அப்படியே. மணல் சூடாக இருந்தால் கடலாமைக் குஞ்சு ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் வெளிவரும். குளிர்ந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு மேலும் செல்லும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே தீர்மானிக்கலாம் என்பது 1966 இல்தான் தெரியவந்தது.

செனகல் நாட்டின் டக்கார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மடலின் ஷார்னியே என்ற விலங்கியலாளர், ஆபிரிக்க ஓணான் ஒன்றின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார். 26, 27 பாகையில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண். 29 பாகையில் இருந்தவை ஆண். பிரெஞ்சு மொழியில் வந்த அவருடைய சிறு கட்டுரையைக் கவனித்தவர்கள் சிலரே. 1970களில் பிரான்சின் குளோட் பியோ ஆமைகளிலும் இதைக் கண்டார். ஆனால் ஆமைகளில் கணக்குத் தலைகீழ்: குளிரில் ஆண், சூட்டில் பெண்.

அதே காலத்தில் பல நாடுகளில் கடலாமைகளைக் காப்பாற்ற விரும்பியவர்கள், கடற்கரையிலிருந்து முட்டைகளை எடுத்து றெஜிபோம் பெட்டிகளில் வைத்துப் பொரிக்கச் செய்தார்கள். 1980 இல் ரொறொன்ரோவின் நிக்கலஸ் மிரொசோவ்ஸ்கியும் அமெரிக்காவின் செஸ்டர் இன்டெமாவும் எச்சரித்தார்கள்: பெட்டி மணலைவிடச் சற்றுக் குளிர், குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகிவிடலாம். கரையேறி முட்டையிடுவது பெண்ணாமை அல்லவா? டெக்சாஸில் 1978 இல் தொடங்கிய திட்டமொன்றின் ஆரம்ப வருடங்களின் குஞ்சுகளில் ஆண்களே அதிகம் என்பது பின்னர் தெரிந்தது. அங்கே சூட்டைக் கூட்டினார்கள். குஞ்சின் வெளித்தோற்றத்தைப் பார்த்து ஆண், பெண் பிரிக்க முடியாததால், தவறு வருடக்கணக்கில் கண்ணுக்குப் படவில்லை.

இன்று பயம் மறுபக்கம். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018 இல் வெளியான ஆய்வு சொன்னது. மணல் சூடேறியதே காரணம்.

இலங்கைக் கரைகளிலும் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. விடுமுறைக்குப் போகும்போது பிள்ளைகளோடு ஆமைக்குஞ்சு பொரிக்கும் இடமொன்றைப் பார்க்கக் கிடைத்தால், எத்தனை குஞ்சு என்று மட்டும் கேட்காதீர்கள். முட்டைகளைப் புதைத்தது வெயிலிலா நிழலிலா என்றும் கேளுங்கள்.