நம்பாதவர்களின் வரலாறு



நெய்வேலியில் நின்று மருத்துவத்தைப் பற்றிப் பேச நமக்குக் காரணம் இருக்கிறது. இந்த நகரியம் வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்டது. சாலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வரைபடத்திலேயே இடம்பெற்றன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களும், அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்த சேரிகளும் வரைபடத்துக்கு வெளியே நின்றன. நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீட்டுக் கணக்கு இருந்தது. நிலமே இல்லாதவருக்கு எந்தக் கணக்கும் இல்லை. கடலூர் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. ஆகவே இது ஏதோ ஒரு மூலையின் கதை அல்ல.

'சனங்கள் டாக்டரை நம்புவதில்லை' என்ற புலம்பலை இன்று எங்கும் கேட்கிறோம். ஊசி என்றால் ஒளிந்துகொள்கிறார்கள், நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், பரிசோதனை முடிவைச் சொன்னால் சந்தேகப்படுகிறார்கள் என்று சொல்லி, இதற்கு அறியாமை என்று பெயரும் வைத்து, விழிப்புணர்வு முகாம் நடத்துகிறார்கள். நம்பிக்கையின்மைக்கு ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாற்றைக் கேட்காமல் எந்த முகாமும் பயன்படாது என்பதே இந்தச் சொற்பொழிவில் நாம் வைக்கும் வாதம்.

1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. கத்தியவாரைச் சேர்ந்த, தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது. பிள்ளை பெற்ற சில நாளில் அவர் மனைவி நோயில் விழுந்தார். அழைத்த மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு உத்தரவாதம் கிடைத்த பிறகு, சேரிக்கு வெளியே வைத்துத்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தார். பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லிப் போய்விட்டார். பிறகு கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். பாபாசாகேப் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த மருத்துவருக்கு மருத்துவம் தெரியாமல் இல்லை. தெர்மாமீட்டரும் சரியாகத்தான் காட்டியிருக்கும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் கருவி இத்தனை கை மாறவேண்டியிருந்ததே, அந்தத் தூரத்தில்தான் உயிர் போனது. அந்தச் சேரி அதற்குப் பிறகு மருத்துவரை எப்படி நம்பும்? நம்பாமல் இருந்தால் அதை அறியாமை என்று சொல்ல முடியுமா?

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1943 டிசம்பரில், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் ஜாரியா நிலக்கரிப் பகுதிக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார். 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே போகும் நிலக்கரியின் மீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தை மருத்துவத்துக்கும் வீட்டுவசதிக்கும் செலவிடுவது அதன் அடிப்படை. தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கு வழிவகுத்த அதார்க்கர் அறிக்கையும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் வந்தது. அந்த வழியில் 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது. சுரங்கத் தொழிலாளியின் உடம்புக்குச் சுரங்கமே பொறுப்பு என்பதை முதலாளியின் தயவிலிருந்து பிரித்துச் சட்டமாக்கிய வரலாற்றில் நம் தலைவரின் கைப்பட்டிருக்கிறது. நெய்வேலியில் நிற்கும்போது இதை மறக்கக்கூடாது.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. பாபாசாகேப் மறைந்ததும் அதே ஆண்டில்தான். சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியதும் அதே 1956. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அன்று காசநோய் என்றால் சானடோரியம். ஏழைக்கு அங்கே படுக்கை கிடைப்பது அரிது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. மற்றப் பிரிவு நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஆய்வில் மருந்து மட்டும் வேலை செய்யவில்லை. ஊழியர்கள் நோயாளியின் வீடு தேடிப் போனார்கள், மாத்திரை எடுத்தாரா என்று பார்த்தார்கள், வராதவரைத் தேடினார்கள். 1929இல் சேரிக்கு வெளியே நின்றுவிட்ட மருத்துவம் இங்கே வாசலைத் தாண்டியது. ஏழை மருந்தை ஒழுங்காகச் சாப்பிடமாட்டான், அவனுக்குப் பொறுப்பில்லை என்ற சாதிப் பேச்சுக்கு 1956 சென்னை பதில் சொல்லிவிட்டது.

வாசல் தாண்டுவது மட்டும் போதாது என்பதை அடுத்த அத்தியாயம் காட்டியது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அரசு ஊழியருக்கு இலக்கு கொடுக்கப்பட்டது. இலக்கை நிரப்ப எளிதாகக் கிடைத்தவர்கள் ஏழைகள், தலித்துகள், சிறுபான்மையினர். அந்த ஆண்டு சுகாதார ஊழியர் வீடு தேடி வந்தது எண்ணிக்கைக்காக. 1977இல் துறையின் பெயர் குடும்ப நலம் என்று மாறியது. பெயர் மாறியதே தவிர, அறுவை செய்யப்பட்டவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாடு அரசு ஊருக்குள் வந்து தடுப்பூசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையங்களுக்கு மாற்றியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக ஒருநாள் கூலியை இழக்கவேண்டியவர் யார்? தேசியக் குடும்பநல ஆய்வின்படி முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடு, 2015-16இல் 69.7. இந்த ஒரு சம்பவம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பயமும் தூரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த எண் காட்டுகிறது. நம்பிக்கை போனால் நட்டம் மருத்துவருக்கு இல்லை, நம் பிள்ளைகளுக்குத்தான்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016இல் அவர் முன்பு இரத்தம் கொடுத்தபோதே பதிவாகியிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் தானே போய் இரத்த வங்கியில் சொன்னார். அதனால்தான் உண்மை வெளியே வந்தது. ஒரு துறையே செய்யத் தவறிய கடமையை ஓர் ஏழை இளைஞர் செய்தார். அந்த மாத முடிவிலேயே அவரும் உயிரோடு இல்லை. யார் யாரை நம்பத் தகாதவர் என்று இதற்குப் பிறகு நாம் கேட்கலாம்.

இப்போது நெய்வேலிக்கு வருவோம். பழுப்பு நிலக்கரியை வெட்ட, அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தாகவேண்டும். எரித்தால் சாம்பல் வரும். நிலக்கரியில் பாதரசம் உண்டு. பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும், கருவிலிருக்கும் குழந்தையையும் விடாது. பூவுலகின் நண்பர்களும் மந்தன் ஆய்வு மையமும் 2023இல் வெளியிட்ட அறிக்கை, சுற்றுவட்டார ஊர்களின் தண்ணீரில் அனுமதிக்கப்பட்ட அளவை மிஞ்சிய பாதரசம் இருப்பதாகச் சொன்னது. அதற்கு முன், 2020 மே மாதத்திலும் ஜூலை 1ஆம் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. ஜூலை விபத்தில் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலரின் சாவுச் செய்தி அடுத்தடுத்து வந்தது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு.

இந்த ஊர்களிலிருந்து ஒருவர் கை நடுக்கத்தோடோ தீராத இருமலோடோ மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதிலிருக்கும் கேள்வி: "எனக்கு இது எதனால் வந்தது?" அதற்குப் பதில் சொல்ல ஊர்த் தண்ணீரின் பரிசோதனை முடிவு வேண்டும், வேலையிடப் பதிவு வேண்டும். இவை மருத்துவரின் மேசைக்கு வருவதில்லை. அவர் மாத்திரை எழுதுகிறார். நோயாளி பதில் கிடைக்காமல் திரும்புகிறார். ஊரார் இதை 'அவங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டாங்க' என்று புரிந்துகொண்டால், அந்த மருத்துவர் நல்லவரா கெட்டவரா என்பதை வைத்து அதைத் தீர்க்க முடியாது.

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் தொழில்வழி நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கட்டாயம் கேட்கவேண்டும் என்றார். நம் நாட்டில் இந்தக் கேள்வி சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் காலம்காலமாகப் பயன்பட்டது. அதே கேள்வியை நோயைத் தெரிந்துகொள்ளக் கேட்கவைப்பது நம் வேலை.

அது முடியாத காரியம் இல்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதமானது, யார் தவறினார்கள் என்று ஒவ்வொரு சாவையும் தனியாக விசாரிக்கும் தணிக்கையைத் தமிழ்நாடு 1990களிலிருந்து நடத்துகிறது. பிரசவத்துக்கு நம் பெண்கள் இன்று அரசு மருத்துவமனையை நம்பிப் போவதில் அதற்கும் பங்குண்டு. பதில் சொல்லும் இடத்துக்கு மக்கள் போகிறார்கள்.

ஆகவே அரசு மருத்துவமனையைக் கைவிடும்படி நாம் யாரிடமும் சொல்லவில்லை. கைவிட்டால் நமக்கு மிஞ்சுவது தனியார் மருத்துவமனைக் கட்டணமும் கந்துவட்டியும்தான். அரசு மருத்துவமனை நம்முடையது, அதனால் அங்கே கேள்வி கேட்கும் உரிமையும் நம்முடையது. சுற்றுவட்டார ஊர்களின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள் குறித்த இடைவெளியில் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் மருத்துவப் பரிசோதனை அறிக்கை அவர் கையிலேயே கொடுக்கப்படவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டில் தொழில், வேலை செய்த இடம், ஆண்டுகள் ஆகியவை எழுதப்படவேண்டும். தாய்மார் சாவுக்கு நடப்பதுபோல, வேலையிடச் சாவு ஒவ்வொன்றுக்கும் மருத்துவத் தணிக்கை நடந்து, அதன் முடிவு குடும்பத்துக்குச் சொல்லப்படவேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்தமுறை போகும்போது அந்தச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தொழில் என்ற இடம் வெறுமையாக இருந்தால், அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.