தண்ணீர் ஓடியது, மண் ஓடவில்லை

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, அமெரிக்க மண் அரிப்பின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு சின்ன அட்டவணையை முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

இடம், ஓஹையோ மாநிலத்தின் கொஷாக்டன். முழுக்க மேடும் சரிவுமான விவசாய பூமி. 1930களில் அமெரிக்க வேளாண் துறை அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. வயலின் அடிவாரத்தில் ஓர் அளவைக் கால்வாய், அதன் வாயில் ஒரு சக்கரம். வழிந்து வரும் தண்ணீரே அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கலங்கல் நீர் மாதிரிக்காகப் பிடிபடும். மழைக்குப் பிறகு எவ்வளவு நீர் போனது, எவ்வளவு மண் போனது என்று தனித்தனியாகக் கணக்கிடலாம்.

1969 ஜூலையில் அங்கே ஏழு மணி நேரத்தில் 5 அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மூன்று மக்காச்சோள வயல்களின் கணக்கைப் பாருங்கள்.

முதல் வயல், சரிவோடு போகும்படி உழுதது. 100 அடிக்கு 6.6 அடி இறக்கம். போன மண், ஹெக்டேருக்கு சுமார் 50 டன்.

இரண்டாவது, சரிவுக்குக் குறுக்கே உழுதது. 100 அடிக்கு 5.8 அடி இறக்கம். போன மண் சுமார் 7 டன்.

மூன்றாவது, உழவே இல்லை. பழைய தட்டையும் சருகும் நிலத்தை மூடியிருக்க, நடுவே விதை மட்டும் போட்டது. இறக்கம் 100 அடிக்கு 20.7 அடி. மூன்று மடங்கு செங்குத்து! போன மண், ஹெக்டேருக்கு சுமார் 70 கிலோ.

டன் இல்லைங்க, கிலோ.

ஒரே ஒரு மழைதான், ஆளுக்கொரு வயல்தான் என்று வாதாடலாம். ஆனால் என்னை நிறுத்தியது மண்ணின் கணக்கை விட, பக்கத்தில் இருந்த தண்ணீரின் கணக்கு. முதல் வயலிலிருந்து வழிந்தது 4.4 அங்குலம். குறுக்கே உழுததில் 2.3. உழாததில் 2.5. அதாவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீர் ஓடியிருக்கிறது. ஒன்று மண்ணோடு போனது, இன்னொன்று ஏறக்குறைய வெறும் தண்ணீராகவே போனது.

ஓடும் நீரைத் தடுத்தால் மண் நிற்கும் என்பதுதான் அதுவரை என் நம்பிக்கை. பெரிய ஆட்களும் அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். வர்ஜீனியாவின் சரிவுகளில் மேலும் கீழுமாக நேர்கோட்டில் உழுததால் மண்ணெல்லாம் ஆற்றுக்குப் போவதைக் கண்டவர் தாமஸ் ஜெபர்சன். சரிவின் வளைவை ஒட்டிக் குறுக்கே உழும் முறையைத் தன் மருமகன் ராண்டால்ஃப் கொண்டுவந்ததை 1813இல் கடிதத்தில் மெச்சி எழுதினார். நல்ல யோசனைதான். ஐம்பது டன் ஏழாகக் குறைவது சும்மாவா? ஆனாலும் ஏழு டன் போகிறதே.

விடை அதே கொஷாக்டனில் முன்பே கிடைத்திருந்தது. 1940களில் அங்கே வேலை பார்த்த எலிசன் என்பவர், ஓடும் நீரை விட்டுவிட்டு விழும் துளியைக் கவனித்தார். பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. உழுத வெறும் மண்ணில் மோதினால் மண்கட்டி சிதறும். சிதறிய பொடி மண்துளைகளை அடைக்கும். மேலே ஓர் ஏடு படியும். அதன்பின் நீர் இறங்க வழியில்லாமல் ஓடும், தயாராகப் பொடிந்து கிடக்கும் மண்ணையும் அள்ளிக்கொண்டு. சருகு மூடிய நிலத்தில் அந்த முதல் அடியே விழுவதில்லை.

சரி, இது தெரிந்த பிறகும் ஏன் உழுதார்கள்? களைதான் காரணம். ஏர் பாதி உழுவது களையை அடக்கத்தானே! 1943இல் எட்வர்ட் ஃபாக்னர் என்ற ஓஹையோக்காரர் கலப்பையையே குற்றம் சாட்டி ஒரு புத்தகம் எழுதினார். பெரிய விவாதமானது. ஆனால் பெரும்பாலோர் கலப்பையைக் கீழே வைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் பாரக்வாட் போன்ற களைக்கொல்லிகள் சந்தைக்கு வந்த பிறகுதான் கதை மாறியது. 1962இல் கென்டக்கியில் ஹாரி யங் என்ற விவசாயி முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமல் சோளம் போட்டுப் பார்த்தார்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. மண்ணைக் காப்பாற்றிய முறைக்குக் கைகொடுத்தது, விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத விஷம். பாரக்வாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் தடை வந்தது. மூடுபயிரை மடக்கிப் போட்டு, விஷமில்லாமல் இதைச் செய்யப் பார்ப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். எளிதான வேலை இல்லை.

ஆழ உழச் சொன்ன பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சரிவில் ஏர் பூட்டும் முன், அடுத்த மழை வரும்போது மண்ணுக்கு மேலே என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் மழை பெய்தால் வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.