இலச்சினைக் கியூ.ஆர். குறியீடு

ஒரு கடையின் சின்னத்தையோ நிறத்தையோ தன்மேல் ஏற்றிக்கொண்டும் கைபேசிக் கமராவுக்கு முன்னால் தடுமாறாமல் வாசிபடும் சதுரக் குறியீட்டை இலச்சினைக் கியூ.ஆர். குறியீடு எனலாம். யாழ்ப்பாணத்தில் கடை மேசையின் பணம் வாங்கும் அட்டையிலும், நெல்லிக் கிரஷ் போத்தலின் லேபலிலும், கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்திலும் இதைக் காணலாம். அச்சகத்துக்கு வருபவர் முதலில் கேட்பது அது வடிவாக இருக்கவேண்டும் என்பதைத்தான். வாசிபட வேண்டும் என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை; அது தன்பாட்டில் நடக்கும் என்ற நம்பிக்கை.

கியூ.ஆர். குறியீட்டை 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹரா என்ற பொறியியலாளரின் குழு உருவாக்கியது. வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக. கறுப்பு வெள்ளைக் காய்களால் ஆடும் கோ விளையாட்டின் பலகையிலிருந்து எண்ணம் பிறந்ததாக ஹரா கூறியிருக்கிறார். மூன்று மூலைகளிலும் இருக்கும் சதுரக் கண்களை நடுவினூடாக எந்தக் கோணத்தில் வெட்டினாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சிட்ட பத்திரிகை, துண்டுப்பிரசுரம், அட்டைப்பெட்டி என்று பலவற்றையும் ஆராய்ந்து, மிக அரிதாகத் தென்படும் விகிதம் எதுவெனத் தேடியே இதைத் தெரிந்தெடுத்தார்கள். கமரா முதலில் தேடுவது இந்த விகிதத்தைத்தான். 2000 இல் கியூ.ஆர். குறியீடு சர்வதேச நியமமானது. காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் நியமப்படி பயன்படுத்துவோரிடம் பணம் கேட்கவில்லை. உலகமெங்கும் பரவியதற்கு அதுவே பெரிய காரணம்.

யாழ் குடாநாட்டில் இந்தக் குறியீட்டை எல்லாரையும் கையில் எடுக்கவைத்தது வியாபாரம் அல்ல, பெற்றோல். 2022 யூலையில் அரசு தேசிய எரிபொருள் அனுமதி முறையைத் தொடங்கியது. வாகனத்துக்கு ஒரு குறியீடு, அதற்கு ஒரு வாராந்தப் பங்கு. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். பெற்றோல் செட்டில் இருப்பவர் அதை ஸ்கான் பண்ணினால்தான் குழாய் திறக்கும். தொலைபேசித் திரையைக் காட்டியவர்களும் உண்டு. தாளில் அச்சிட்டு லமினேற் செய்து சாவிக்கொத்தில் தொங்கவிட்டவர்களும் உண்டு. ஸ்ரிக்கராக வண்டியிலேயே ஒட்டியவர்களும் உண்டு. 2023 செப்டெம்பர் 1 அன்று அந்த முறை நிறுத்தப்படும்வரை, லமினேற்றில் வெயில் பளபளத்தால் வாசிபடாது, கசங்கினாலும் ஓரளவுக்கு வாசிபடும், மூலை கிழிந்தால் வேலையில்லை என்பதை ஊரே அனுபவத்தில் கற்றது. எந்தப் பயிற்சிப் பட்டறையும் இவ்வளவு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்காது.

பணம் செலுத்தும் குறியீட்டுக்கான தேசிய நியமத்தை இலங்கை மத்திய வங்கி 2018 இல் வெளியிட்டது. லங்கா கியூ.ஆர். என்று அதற்குப் பெயர். அதற்குள் இருப்பது இணைய முகவரியன்று, அட்டைக் கம்பனிகளின் கூட்டமைப்பான ஈ.எம்.வி.கோ வகுத்த ஒழுங்கில் கோத்த ஓர் எழுத்துச் சரம். நாணயத்துக்கு 144 என்ற எண், நாட்டுக்கு இரண்டெழுத்து, கடையின் பெயருக்கு 25 எழுத்துவரை, ஊருக்கு 15 எழுத்துவரை, கடைசியில் சரிபார்ப்புக்கு நான்கு இலக்கம். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூ.பி.ஐ. முறையும் இலங்கையில் இயங்குவதால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்குபவரின் செயலியும் இதே சதுரத்தை வாசிக்க நேரலாம். வங்கி கொடுத்த பண அட்டையில் கடைக்காரர் தன் கைவண்ணத்தைக் காட்டாமல் இருப்பதே நல்லது. அலங்கரிக்க வேறு குறியீடுகள் இருக்கின்றன.

வழுத் திருத்தம் என்னும் தேட்டம்

குறியீட்டின் நடுவில் இலச்சினை வைக்க முடிவதற்குக் காரணம் இர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் ஆகிய இருவரும் 1960 இல் வெளியிட்ட கணிதமுறை. எட்டுக் கட்டங்கள் சேர்ந்தது ஒரு சொல். தரவுச் சொற்களோடு திருத்தத்துக்கென மேலதிகச் சொற்களும் சேர்த்து எழுதப்படுவதால், கொஞ்சம் அழிந்தாலும் மிச்சத்தை வைத்து மீட்டுவிடலாம். எல், எம், கியூ, எச் என நான்கு மட்டங்கள். அவை முறையே ஏறக்குறைய 7, 15, 25, 30 வீதச் சேதத்தைத் தாங்கும். பக்கத்துக்கு 29 கட்டம் கொண்ட, மூன்றாம் பதிப்பு எனப்படும் அளவில் மொத்தம் 70 சொற்கள். எல் மட்டத்தில் 7 சொல் கெட்டாலும் மீளும், எச் மட்டத்தில் 22 சொல் கெட்டாலும் மீளும்.

இந்த 30 வீதத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பரப்பில் 30 வீதத்தை மறைக்கலாம் என்று அதற்குப் பொருளல்ல. ஒரு சொல்லின் எட்டுக் கட்டத்தில் ஒன்று மாறிப்போனாலும் அந்தச் சொல் முழுவதும் பழுதுதான். ஆகவே இலச்சினையின் விளிம்பு பட்ட சொற்களும் கணக்கில் ஏறும். அதைவிட, இந்த ஒதுக்கம் இலச்சினைக்கென்று வைத்ததே அல்ல. வெயிலுக்கு, கைவேர்வைக்கு, புழுதிக்கு, கீறலுக்கு என்று சேர்த்துவைத்த தேட்டம் அது. முழுவதையும் சின்னத்துக்குச் செலவழித்துவிட்டால், திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிக்காரரின் தராசுக்குப் பக்கத்தில் மூன்று மாதம் கிடந்த அட்டைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. பரப்பில் பத்தில் ஒன்றைத் தாண்டாத இலச்சினையே பாதுகாப்பானது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

"எச் மட்டத்தில் போட்டால் பிரச்சினை இல்லை" என்பதும் அரைகுறை அறிவுரை. 120 எழுத்துள்ள பணச் சரம் எம் மட்டத்தில் பக்கத்துக்கு 45 கட்டத்தில் அடங்கும். எச் மட்டத்தில் அதற்கே 61 கட்டம் வேண்டும். சுற்றிலும் நான்கு கட்டம் வெறுமையாக விட வேண்டும் என்பதையும் சேர்த்து, 5 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிட்டால் முன்னதன் கட்டம் 0.94 மில்லிமீற்றர், பின்னதன் கட்டம் 0.72. பலம் கூட்டப்போய்க் கட்டம் சிறுத்துவிடுகிறது. பழைய கைபேசியின் கமராவுக்கு அதுவே புதிய தொல்லை.

பக்கத்துக்கு 45 கட்டமுள்ள ஏழாம் பதிப்பு முதல் பதின்மூன்றாம் பதிப்புவரை சரியாக நடு மையத்தில் ஒரு சிறு ஒழுங்குக் கண் இருக்கும். குறியீடு வளைந்தோ சரிந்தோ கிடந்தால் திருத்திப் பார்க்க உதவுவது அதுதான். இலச்சினை போய் உட்காருவதும் அதன்மேலேதான். தட்டையான அட்டையில் தப்பிவிடும், போத்தலில் சிரமம். மூலைக் கண்களையும் அவற்றை ஒட்டிய கட்டங்களையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. எந்தத் திருத்த மட்டம் என்பது போன்ற விபரம் அந்த ஒட்டுக் கட்டங்களில்தான் இருக்கிறது.

தமிழ் எழுத்தின் விலை

சிக்கனத்தைத் தொடங்க வேண்டிய இடம் உள்ளடக்கம். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற் செலவாகும். புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனியே மூன்று. "யாழ்ப்பாணம்" என்பதில் 11 குறிகள், ஆக 33 பைற். ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் 6 பைற்றில் முடிந்துவிடும். இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைற்றும் வீதக்குறியோடு மூன்றெழுத்தாக விரிவதால், 33 என்பது 99 ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவின் யாழ்ப்பாணம் பக்கத்து முகவரியை உலாவியிலிருந்து படியெடுத்து ஒட்டினால் 129 எழுத்து. கியூ மட்டத்தில் அதற்குப் பக்கத்துக்கு 53 கட்டம் தேவை. 20 எழுத்துள்ள குறுமுகவரியாக்கினால் 25 கட்டம் போதும். ஒரு நூலகத்திலோ கோயில் வீதியிலோ தகவற்பலகை வைப்பவருக்கு இந்த ஒரு மாற்றம் எந்த வர்ண அலங்காரத்தையும்விடப் பெறுமதியானது.

நிறமும் பரப்பும்

கமரா நிறத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்ச வேறுபாட்டையே பார்க்கிறது. வெள்ளையில் மஞ்சள் எங்கள் கண்ணுக்கு மங்கலமாக இருக்கலாம், அதற்கு அது வெறுந்தாள். கடும் பச்சை, கருநீலம், அரக்கு ஆகியவை வெள்ளைத்தாளில் நன்றாக வாசிபடும். சிவப்பு கைபேசிக்குப் பரவாயில்லை. ஆனால் செவ்வொளி பாய்ச்சும் கல்லாப்பெட்டி வருடிக்கு அது கண்ணிலேயே படாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டம் சில செயலிகளில் வேலைசெய்யும், சிலவற்றில் செய்யாது. அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

கலியாண அழைப்பிதழ் தனிக் கதை. அரக்கு அட்டையில் தங்கத்தாள் பதித்த, மண்டபத்துக்கு வழிகாட்டும் குறியீடு கையில் எடுக்க எடுக்க அழகு. அதை மின்குமிழுக்கு நேரே பிடித்தால் தங்கம் வெள்ளையாக மினுங்கும். கொஞ்சம் சரித்தால் அரக்கைவிடக் கறுத்துப்போகும். கறுப்பு எது, வெள்ளை எது என்பதே பிடிக்கும் கோணத்தைப் பொறுத்து மாறுகிறது. தங்கத்தை மணமக்களின் பெயருக்கு விட்டுவிட்டு, அட்டையின் ஒரு மூலையில் சிறு வெள்ளைச் சதுரம் ஒதுக்கிக் கறுப்பில் அச்சிட்டால் மண்டபத்துக்கு வருபவர் பாதி வழியில் நின்று இடம் கேட்டுத் தொலைபேசி எடுக்க மாட்டார்.

போத்தல் லேபலில் பிரச்சினை வளைவு. 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள போத்தலில் 4 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறியீட்டை ஒட்டினால், ஓரத்துக் கட்டம் நடுக்கட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு ஒடுங்கித் தெரியும். அகலத்தை 2.5 ஆகக் குறைத்தால் அந்த ஒடுக்கம் பத்தில் ஒன்றுக்குள் வந்துவிடும். அதற்கு முகவரி குறுகியதாக இருக்க வேண்டும். பனங்கட்டிக் குட்டானில் ஓலையின்மேலேயே அச்சிட முயல்வது வீண்வேலை: ஓலையின் நரம்புகள் கட்டங்களுக்குள் கோடு போடும். நூலில் கட்டிய வெள்ளைத் துண்டு போதும். பதாகைக்குத் தொழிலில் சொல்லும் கணக்கு பத்துக்கு ஒன்று. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் 3 மீற்றர் தள்ளி நிற்பவர் வாசிக்க வேண்டுமென்றால் குறியீடு 30 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும்.

அச்சகத்தில் கெடுவது பெரும்பாலும் கோப்பு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய குறியீட்டின் விளிம்புகள் கசிந்து வரும். அதை இழுத்துப் பெருப்பித்தால் இன்னும் மோசம். வெக்டர் கோப்பாக வாங்கி, நான்கு மை கலக்காத தனிக் கறுப்பில் அச்சிட வேண்டும். பிறகு சோதனை: உண்மையான அளவில், உண்மையான தாளில், மதிய வெயிலிலும் இரவு மின்குமிழிலும், வீட்டில் கிடக்கும் ஆகப் பழைய தொலைபேசியால். வடிவமைத்தவரின் புதுத் தொலைபேசி எதையும் வாசித்துவிடும், அது சாட்சியாகாது.

குறியீடு நன்றாக இருந்தும் முகவரி செத்துப்போவது உண்டு. இலவசமாகக் குறியீடு செய்து தரும் சில தளங்கள் தங்கள் சொந்தக் குறுமுகவரியை உள்ளே வைத்துவிட்டு, சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும். அழைப்பிதழுக்கு ஒரு மாதம் தாங்கினால் போதும். இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்னும் நினைவு நூலுக்கு அப்படியல்ல. அது பேரப்பிள்ளைகளின் அலுமாரிவரை போகும். நூலகம் என்னும் மின்னூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் சேகரிக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால், ஒரு மில்லிமீற்றர்க் கட்டம் ஏறக்குறைய 12 புள்ளி அகலத்தில் பதியும். எனவே தாள் உக்கிய பிறகும் அந்தப் படத்திலிருந்தே குறியீட்டை வாசிக்கலாம். மறுமுனையில் பக்கம் திறக்குமா என்பது கல்வெட்டை அச்சிட்ட அன்று எந்த முகவரியைக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.