கத்தரிக்கோலும் பசையும் எழுதிய வரலாறு

ஸ்கிராப் நோட்டு என்றதும் பள்ளிக்கூடத்தில் தலைவர்களின் படங்களை வெட்டி ஒட்டி மார்க் வாங்கியதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று அது பொழுதுபோக்காகிவிட்டது. கலர் பேப்பர், பூப்போட்ட ஸ்டிக்கர், ஜரிகை டேப் என்று கடைகளில் ஒரு பகுதியே அதற்கென இருக்கிறது. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் இந்த நோட்டுக்கு வேறொரு இடம் உண்டு. நூலகமும் அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் தங்களுக்குக் கதவு திறக்காத காலத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் கத்தரிக்கோலையும் பசையையும் வைத்துக்கொண்டு தங்கள் ஆவணக் காப்பகத்தைத் தாங்களே கட்டினார்கள். அந்த வரலாறு நமக்கு ஏன் வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

முதலில் ஒரு கேள்வி. நம் முன்னோரின் மிகப் பழைய புகைப்படங்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் நம் வீடுகளில் இல்லை, நம்மை ஆண்டவர்களின் புத்தகங்களில் இருக்கின்றன. 1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் அரசு 'இந்திய மக்கள்' என்ற பெயரில் 8 தொகுதிகளை வெளியிட்டது. 450க்கும் மேற்பட்ட படங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, தான் ஆளும் மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள அரசுக்கு இருந்த அவசரம் அந்தப் பக்கங்களில் தெரியும். பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் வந்தார். மக்களை நிறுத்திவைத்து மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் தலையையும் கருவி வைத்து அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய 7 தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. அந்தப் படங்களில் நம்மவர்கள் உண்டு. ஆனால் படத்தின் கீழே இருப்பது சாதிப் பெயர். அந்த மனிதரின் பெயர், ஊர், அவர் யாருக்குத் தாத்தா என்பதெல்லாம் பெரும்பாலும் இல்லை. மனிதரை மாதிரிப் பொருளாக்குவதற்கு அவருடைய பெயரை எடுத்துவிட்டாலே போதும்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஒருவர் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி ஓடி, 1847இல் ராசெஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகமுறை படமெடுக்கப்பட்டவர் அவர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதுவரை சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன, ஆபிரகாம் லிங்கனுக்குக் கிடைத்ததைவிட அதிகம். கோட்டு, கழுத்துப்பட்டை, நேர்கொண்ட பார்வை. சிரிப்பு மட்டும் அநேகமாக இருக்காது. கறுப்பர் என்றாலே பல்லைக் காட்டும் கோமாளி என்று வரைந்துகொண்டிருந்த பத்திரிகைகளுக்கு அதுதான் அவருடைய பதில். கோட்டும் சூட்டுமாக நம் வீட்டுச் சுவரில் நிற்கும் பாபாசாகேபை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும்.

1872இல் டக்ளஸின் ராசெஸ்டர் வீடு எரிந்தது. யாரோ வைத்த தீ என்று அவர் சந்தேகித்தார். குடும்பத்தினர் உயிர் தப்பினார்கள். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த சொந்தப் பத்திரிகையின் தொகுப்புகள் சாம்பலாயின. ஒரு மனிதனின் வாழ்நாள் எழுத்து, ஓர் இயக்கத்தின் நாள்வாரிச் சாட்சி, ஒரே இரவில் போனது. அவருடைய மகன்கள் தந்தையைப் பற்றிய செய்திகள், உரைகள், கடிதங்கள் ஆகியவற்றை நோட்டுகளில் ஒட்டிப் பாதுகாத்தார்கள். அந்த நோட்டுகள் பல கைகள் மாறி இன்று யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. டக்ளஸின் கடைசிக் காலத்தை எழுத வரும் வரலாற்றாசிரியர்கள் அந்த மகன்கள் ஒட்டிவைத்த தாள்களிடம்தான் போய் நிற்கிறார்கள்.

டக்ளஸ் புகழ்பெற்றவர், அவர் குடும்பம் சேர்த்துவைத்ததில் என்ன வியப்பு என்று கேட்கலாம். அப்படியானால் வில்லியம் டார்சியைப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியாக்காரர். அவருடைய தந்தை அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, விருந்துச் சமையல் தொழிலில் பெயர் வாங்கியவர். மகன் பல பத்தாண்டுகள் செய்தித்தாள்களை வெட்டி வெட்டி ஒட்டினார். ஏறத்தாழ 400 நோட்டுகள். கறுப்பர்களின் திருமணம், இறப்பு, தேவாலயக் கூட்டம், நாடகம், வழக்கு, வேலைநிறுத்தம் எதையும் அவர் விடவில்லை. 1923இல் அவர் இறந்தார். சேனி பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்த நோட்டுகள் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1970களில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டு ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின வாழ்க்கை பற்றி ஒரு முழு வரலாற்று நூலையே அவற்றிலிருந்து எழுத முடிந்தது.

அடுத்து நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்பி. சிறு சிறு வேலைகள் பார்த்து வாழ்ந்தவர். அவருடைய 'புக் ஸ்டூடியோ' 1920களில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடும் இடமாக இருந்தது. பிறகு பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தது, காசநோயும் வந்தது. ஸ்டூடியோவை மூடிவிட்டுப் பல ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தார். ஆனாலும் தொகுப்பைக் கைவிடவில்லை. 1950இல் சுமார் 300 நோட்டுகள் கொண்ட அந்தச் சேகரத்தைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதே கொலம்பியாவில்தான் 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் படித்தார் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவர்கள் வெட்டியவற்றில் பெரும்பகுதி வெள்ளையர் நடத்திய பத்திரிகைகளிலிருந்து வந்தது. பகையான பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி ஏன் ஒட்ட வேண்டும்? ஒரு செய்தி தனியாக இருக்கும்போது ஒரு பொருள் தரும், ஐம்பது செய்திகள் பக்கம் பக்கமாக நிற்கும்போது வேறு பொருள் தரும். ஐடா பி. வெல்ஸ் இதை ஆயுதமாகவே மாற்றினார். கும்பல் கொலைகளை எதிர்த்து 1892இலும் 1895இலும் அவர் வெளியிட்ட நூல்கள் வெள்ளையர் பத்திரிகைகள் அச்சிட்ட செய்திகளையும் கணக்குகளையுமே சான்றாக வைத்தன. நீங்களே எழுதியதுதானே இது என்று கேட்டால் மறுக்க ஆள் இல்லை. இன்று நம் ஊரில் சேரிக்குள் புகுந்து அடித்ததை 'இரு தரப்பினர் மோதல்' என்று எழுதுகிற செய்தியை வெட்டி ஒட்டுங்கள். பக்கத்தில் அன்று உண்மையில் நடந்ததை ஊர்க்காரர் வாயால் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் செய்தியை அதன் கீழே ஒட்டுங்கள். ஐந்தாம் பக்கம் வரும்போது அது வழக்கறிஞர் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆவணமாகியிருக்கும்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் சில ஆல்பங்களைத் தொகுத்து அனுப்பினார். ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் 363 படங்கள். ஆசிரியர், மாணவி, கடைக்காரர், குடும்பம், வீடு. மூக்கை அளந்தவர்களின் அறிவியலுக்கு முகத்தையே பதிலாக வைத்தார். ஆனால் அந்த ஆல்பங்களிலும் ஒரு குறை உண்டு. படங்களில் இருக்கும் பெரும்பாலோரின் பெயர் எழுதப்படவில்லை. அன்போடும் மரியாதையோடும் தொகுக்கப்பட்ட ஆல்பத்தில்கூட இன்று அந்த மனிதர்கள் யார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. படத்தைப் பாதுகாத்தால் மட்டும் போதாது, பெயரையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசா தமிழன்' இதழைத் தொடங்கி 1914இல் தாம் மறையும்வரை நடத்தினார். இவை அரசு நூலகங்களின் தயவில் நமக்கு வந்து சேரவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைச் சொந்தப் பிள்ளைகளைப்போல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999 முதல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகுதான், தமிழ்நாட்டின் நவீன வரலாற்றை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற பேச்சே வந்தது. பாபாசாகேப் 1956இல் மறைந்தார். மகாராஷ்டிர அரசு அவருடைய எழுத்துகளின் முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். அவருக்கே 23 ஆண்டுகள் ஆயின என்றால் உங்கள் பாட்டிக்கு யார் தொகுதி போடுவார்கள்? நாம்தான் போட வேண்டும்.

நம் காகிதங்களுக்கு எதிரி கரையானும் மழையும் மட்டுமல்ல. 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது வீட்டுப் பொருட்களோடு பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது பீரோவும் பெட்டியும் சேர்ந்தே எரிந்தன. தீ வைக்கிறவனுக்குத் தெரியும், சான்றிதழும் பட்டாவும் படமும் போனால் ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை பின்னால் போகும் என்று. அதனால் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில் என்பதை நம் குடும்பங்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது நோட்டு செய்யும் முறை. பெரிய செலவில்லை.

முதல் வேலை, வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டியைத் திறப்பது. படம் மட்டும் தேடாதீர்கள். பழைய ரேஷன் கார்டு, கோலார் தங்கவயல் அடையாள அட்டை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, மாநாட்டு நோட்டீஸ், உண்டியல் ரசீது எல்லாமே நோட்டுக்கு உரியவை. பழைய நில ஆவணம் இருந்தால் மிகக் கவனம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். தாத்தாவின் பெட்டியில் கிடக்கும் மங்கிய தாள் நாளைக்கு நீதிமன்றத்தில் பேசக்கூடும். அதை ஒட்டவே கூடாது. ஸ்கேன் எடுத்து நகலை மட்டும் நோட்டில் வையுங்கள்.

இரண்டாவது, படம். பல வீடுகளில் மூத்தவரின் ஒரே படம் அவர் இறந்த அன்று நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்ததாக இருக்கும். அதையும் ஒதுக்காதீர்கள். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஊரும் காலமும் அதில் தெரியும். பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். செலோடேப் வேண்டாம், சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகிவிடும். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் ஆல்பம் வேண்டாம், அந்தப் பசை படத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மைதாப் பசை பூச்சியை அழைக்கும். படத்தின் நான்கு மூலைகளையும் செருகும் காகித மூலைகளை நீங்களே மடித்துச் செய்யலாம். தாள் அமிலமற்றதாக இருந்தால் நல்லது. செய்தித்தாள் துண்டு தானே மஞ்சளாகி நொறுங்கும், ஆகவே நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஐந்து விவரம் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது, இந்தக் கதையைச் சொன்னது யார். ஆண்டு தெரியாவிட்டால் 'பெரிய புயலுக்கு அடுத்த வருசம்', 'சின்னவன் பிறந்தப்போ' என்று பாட்டி சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஆண்களை மட்டும் பெயரோடும் பெண்களை 'இன்னாரின் மனைவி' என்றும் எழுதும் வழக்கத்தை நம் நோட்டிலாவது நிறுத்துவோம். நடவுக்குப் போனவர், செங்கல் சூளைக்குப் போனவர், பிரசவம் பார்த்தவர் என்று அவர் செய்த வேலையோடு அவர் பெயரை எழுதுங்கள்.

நான்காவது, படமே இல்லாதவர்கள். நம் குடும்பங்களில் அவர்களே அதிகம். அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் வரைந்து, அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை அதற்குள் எழுதுங்கள். சேலைத் துண்டு, அவர் வீடு இருந்த தெருவின் வரைபடம், அவர் தண்ணீர் எடுக்க அனுமதிக்கப்படாத கிணறு இருந்த இடம், இவையும் ஒரு முகத்தைத் தரும். பேசும்போது செல்போனில் பதிவு செய்யுங்கள். அப்பாயியின் குரலைப் பிறகு எந்த நூலகத்திலும் தேடி எடுக்க முடியாது.

ஐந்தாவது, எச்சரிக்கை. குடும்ப நோட்டு வேறு, முகநூல் பதிவு வேறு. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள், வழக்கில் சாட்சியாக இருப்பவர்கள், நகரத்தில் சாதியை மறைத்து வாடகை வீட்டில் இருப்பவர்கள் நம் படங்களில் உண்டு. அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பக்கத்தையும் வெளியே காட்டாதீர்கள். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவர்கள் உரிமை.

தோழர்களே, வரலாறு எழுதுவதற்கு முனைவர் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டார்சிக்கும் கம்பிக்கும் அந்தப் பட்டம் இருக்கவில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் எடுத்துப் போங்கள். வீட்டிலேயே மூத்தவரின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்ட பெயர் அதுதான்.

ஜெய்பீம்.